பூனைக்குத் தயிர்சாதம் போதாது

மரக்கறி உணவில் மனிதர் நன்றாக வாழலாம் என்பதில் எனக்கு ஐயமில்லை. கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் உள்ள பீட்டா கெரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. டாரின் என்ற அமிலத்தை நம் கல்லீரலே தயாரிக்கிறது. பால்கூடத் தொடாதவர்கள் பி12 மாத்திரை எடுத்துக்கொண்டால் அந்தக் குறையும் தீர்ந்துவிடும். ஆனால் இதை வைத்துக்கொண்டு, ‘நமக்குப் போதுவது நம் வீட்டுப் பூனைக்கும் போதும், பாலும் தயிர்சாதமும் கொடுத்துப் பழக்கினால் பழகிவிடும்’ என்று பல சைவ வீடுகளில் சொல்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. பூனை எதையும் தின்னப் பழகலாம். அதன் கல்லீரலைப் பழக்க முடியாது.

பூனையின் உடலில் கெரோட்டின் வைட்டமின் ஏ ஆக மாறுவதில்லை. கேரட்டை மசித்துப் போட்டாலும் பயனில்லை. நம்மைப்போல் வெயிலில் கிடந்து வைட்டமின் டி தயாரிக்கவும் அதனால் முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் டாரின்தான். அது இறைச்சியிலும் மீனிலும் நிறைய உண்டு, அரிசியிலும் பருப்பிலும் இல்லை, பாலில் மிகக் குறைவு. பூனையால் தேவையான அளவு தயாரித்துக்கொள்ளவும் முடியாது. ‘பாலில்தான் எல்லாச் சத்தும் இருக்கிறதே’ என்பவர்களுக்கு 1975இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வே பதில். பால் புரதமான கேசினை மட்டும் புரதமாகக் கொண்ட உணவைப் பூனைகளுக்குக் கொடுத்தார்கள். விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் சிதைந்தன. ரத்தத்திலும் விழித்திரையிலும் டாரின் குறைந்திருந்தது. 1987இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியோன் என்ற ஆய்வாளரின் குழுவினர், இதயத் தசை தளர்ந்து நோயுற்ற பூனைகளிடமும் இதே குறையைக் கண்டார்கள். டாரின் கொடுத்ததும் அவற்றின் இதயம் தேறியது. அதன் பிறகுதான் பூனை உணவு தயாரிக்கும் நிறுவனங்கள் டாரின் அளவை உயர்த்தின.

‘எங்கள் பூனை பத்து வருஷமாகத் தயிர்சாதம்தான் சாப்பிடுகிறது, நன்றாகத்தானே இருக்கிறது’ என்பது அடுத்த வாதம். அந்தப் பூனை ராத்திரி எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். ஓட்டு வீட்டிலும் கொல்லைப்புறத்திலும் வளர்ந்த பூனைக்கு எலியும் பல்லியும் ஓணானும் அணில்குஞ்சும் கிடைத்தன. தட்டில் வைத்த சாதம் வயிற்றை நிரப்பியது, உயிர் காத்தது வேட்டை. இன்று அதே பூனை நான்காவது மாடி ஃபிளாட்டில், பால்கனிக்கு வலை கட்டி வளர்கிறது. உணவு மட்டும் பழையபடியே இருக்கிறது. விழித்திரையும் இதயமும் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கெடுவதால், ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று வெளித்தோற்றத்தைப் பார்த்துச் சொல்வதை நம்ப முடியாது. சாம்பார் சாதம் இன்னும் மோசம். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

வலுவான ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது. டாரினை ஆலையிலேயே தயாரிக்கிறார்கள். இறைச்சி கலந்த பூனை உணவிலும் சேர்ப்பது அதைத்தான். அப்படியிருக்க, எல்லாச் சத்தும் சேர்த்த தாவர உணவு ஏன் கூடாது? கொள்கையளவில் இதற்கு மறுப்பில்லை. 2023இல் வந்த ஓர் ஆய்வில், ஆயிரத்துக்கு மேற்பட்ட பூனை வளர்ப்போரிடம் கேட்டபோது தாவர உணவுப் பூனைகள் மற்றவற்றைவிட மோசமாக இல்லை என்றே தெரிந்தது. ஆனால் அது வளர்ப்பவர்கள் சொன்ன விடைகளின் தொகுப்பு, ரத்தப் பரிசோதனையோ இதய ஸ்கேனோ அல்ல. 2020இல் பிரேசிலில் நாய்க்கும் பூனைக்குமான நான்கு தாவர உணவுகளைச் சோதித்தபோது ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு சத்து குறைந்திருந்தது. தாவர உணவால் சிறுநீரின் அமிலத்தன்மை குறைந்து கல் உருவாகும் ஆபத்தும் உண்டு. ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்தால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். எனவே அந்த வழியில் போகிறவர்கள் கால்நடை மருத்துவரின் தொடர்ந்த கண்காணிப்போடுதான் போக வேண்டும். எப்படியானாலும் இந்த வாதம் தயிர்சாதத்துக்குத் துணை வராது.

அப்படியானால் சைவ வீட்டில் பூனையே வளர்க்கக் கூடாதா? தாராளமாக வளர்க்கலாம். அடுப்படியில் மீன் ஏற வேண்டியதில்லை. பூனைக்கென்றே தயாரித்த, முழுச் சத்துணவு என்று அச்சிட்ட உலர் உணவு கடையில் கிடைக்கிறது. தண்ணீரைத் தாராளமாக வைத்தால் சரி. கோழி வேகவைத்துக் கொடுக்கச் சம்மதிப்பவர்கள் வேகவைத்த நீரையும் சேர்த்து ஊற்ற வேண்டும், ஏனென்றால் டாரின் தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும். அந்த உணவுப் பையையே வீட்டுக்குள் அனுமதிக்க மனம் ஒப்பாதவர்களுக்குப் புல்லும் கீரையும் தின்று நிறைவாக வாழும் முயல் பொருத்தமான துணை.