ஆலோசகர் மாறாதிருத்தல்



பேச்சையே முதன்மைக் கருவியாகக் கொண்டு மனத்துயரைத் தணிக்கும் உளச்சிகிச்சையின் பலன், கையாளப்படும் முறையோடு, அதை அளிப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே உருவாகும் பிணைப்பையும் சார்ந்திருக்கிறது. குறிக்கோளில் உடன்பாடு, அதை எட்டும் வழியில் உடன்பாடு, ஒருவர்மீது ஒருவருக்குள்ள நம்பிக்கை என இப்பிணைப்பை 1979இல் உளவியலாளர் எட்வர்ட் போர்டின் மூன்றாகப் பகுத்தார். 295 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான பகுப்பாய்வு, பிணைப்புக்கும் குணமடைதலுக்கும் உள்ள தொடர்பு மிதமானதே எனினும், சிகிச்சை முறைகள் வேறுபட்டாலும் அது நிலைத்திருப்பதைக் காட்டியது. இந்திய உளமருத்துவர் ஜே. எஸ். நேக்கி, குரு–சீடர் உறவு உளச்சிகிச்சைக்கு ஒரு முன்மாதிரியாகலாம் என்று 1973இலேயே வாதிட்டிருந்தார்.

இலங்கைக் கடற்படையின் கைது அச்சத்தோடு மீனவக் குடும்பங்கள் வாழும் கோட்டைப்பட்டினம் போன்ற ஊர்களுக்கு, 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி மனநலச் சேவை பெரும் துணை. நெருக்கடி நேரத்தில் எவர் பேசினாலும் போதும் என்பது உண்மையாயினும், தொடர் ஆலோசனை தேவைப்படுபவர் ஒவ்வொரு முறையும் புதியவரிடம் தம் கதையை முதலிலிருந்து சொல்ல நேர்ந்தால், மேற்சொன்ன பிணைப்புக்கு அடிப்படையான நம்பிக்கை வேரூன்றாது. எனவே தொடர் ஆலோசனைக்கு இயன்றவரை ஒரே ஆலோசகரை ஒதுக்குவதையும், அவருடன் பொருந்தாதபோது மாற்றிக்கொள்ளும் உரிமையை அழைப்பவருக்கு முன்கூட்டியே தெரிவிப்பதையும் அச்சேவையை நடத்துவோரும் மாவட்ட மனநலத் திட்டத்தினரும் நடைமுறையாக்க வேண்டும்.

– ஒரு வாசகர், கோட்டைப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டம்