கண்ணாடியின் அளவும் திறப்பின் அளவும்

வீட்டுச் சன்னல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பரப்புகள் உண்டு: கண்ணாடியின் பரப்பு, திறந்துகொள்ளும் பரப்பு. வெயில் முதலாவதன் வழியாக வருகிறது. காற்று இரண்டாவதன் வழியாக. சென்னைப் புறநகரான ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சேலையூர் தெருக்களில் எழும் புதிய வீடுகளில் முதலாவது பெருத்துக்கொண்டே போகிறது; இரண்டாவது அந்த அளவுக்கு வளரவில்லை. பெரிய சன்னலின் செலவையும் சுகத்தையும் எடைபோடும்போது நேரும் பிழைகளில் பல, இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

சென்னை வெப்பமும் ஈரமும் சேர்ந்த காலநிலைப் பகுதி. இங்கே உடம்புக்கு இதம் தருவது வியர்வையை உலர்த்தும் காற்றோட்டம். அதனால்தான் தேசியக் கட்டட விதித்தொகுப்பு இத்தகைய பகுதிகளில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கைச் சன்னல் திறப்பாகக் கேட்கிறது. எரிசக்தித் திறன் பணியகம் 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதாவும் அதே 16.66 சதவீதத்தைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் அதை உண்மையில் திறக்கும் பரப்பாகக் கணக்கிடுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறையில் இது 20 சதுர அடி. ஆறுக்கு நாலு ஸ்லைடிங் சன்னல் 24 சதுர அடி இருந்தாலும், ஒரு கதவு மற்றொன்றின் பின்னால் ஒதுங்குவதால் 12 சதுர அடிதான் திறக்கும். அதே அளவில் கீல் கதவுகள் வைத்தால் சட்டம் போகச் சுமார் 21½ கிடைக்கும். ஸ்லைடிங்கிலேயே 20 வேண்டுமென்றால் 40 சதுர அடி கண்ணாடி போட்டாக வேண்டும். கூடுதலான அந்த 16 சதுர அடிக்கு யுபிவிசி சட்டம், கிரில், கொசுவலை, திரை என்று ஒவ்வொன்றுக்கும் பணம். அந்த இடத்தில் பூசிய செங்கல் சுவர் அதைவிட மலிவாக எழும்பிவிடும். ஏரிகள் சூழ்ந்த இப்பகுதியில் கொசுவலை இல்லாமல் சன்னல் கிடையாது. வலையும் காற்றைத் தடுப்பதால், விதி கேட்கும் குறைந்தபட்சத்தோடு நிறுத்தாமல் திறப்பைத் தாராளமாக வைப்பது நல்லது. ஈகோ நிவாஸ் சம்ஹிதா 500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைகளுக்குப் பொருந்தாது. ஒரு கிரவுண்டே 223 சதுர மீட்டர்தான். ஆகவே தனி வீடுகளில் இதைக் கவனிக்கும் பொறுப்பு வரைபடம் போடுபவரிடம் வந்து சேர்கிறது.

வெயிலின் கணக்குக்குத் திசைதான் ஆதாரம். தாம்பரத்திலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வழியாக மேடவாக்கம் செல்லும் சாலை ஏறத்தாழக் கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதிலிருந்து வடக்கிலும் தெற்கிலும் பிரியும் தெருக்களில் மனைகளின் முகப்பு கிழக்கு அல்லது மேற்காகவே அமையும். பெரிய கண்ணாடியை எலிவேஷனுக்காக முகப்பில்தான் வைக்கிறார்கள். வெயிலைத் தடுக்கக் கடினமான இரண்டு திசைகளும் அவையே. கோடைப் பிற்பகலில் மேற்குச் சுவரின் ஒரு சதுர மீட்டர் மீது 500 வாட்டுக்கு மேல் வெயில் விழும். தெளிந்த சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நாலு பங்கை உள்ளே விட்டுவிடும். ஆறுக்கு நாலு சன்னல் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோவாட் ஹீட்டரை அறைக்குள் எரியவிட்டதற்குச் சமம். பத்துக்கு ஏழு கண்ணாடி என்றால் உச்ச நேரத்தில் மூன்று கிலோவாட்டைத் தொடும். ஒரு டன் ஏசியின் மொத்தத் திறனே மூன்றரை கிலோவாட்தான். சிறிய சன்னலில் நாலு மணி நேரம் வரும் வெயிலை ஏசி வெளியேற்ற நாளுக்குச் சுமார் ஒரு யூனிட், இரண்டு மாத பில்லில் 60 யூனிட் ஆகும். 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ் அடுக்குகளின் விகிதமும் ஏறிவிடும் தமிழ்நாட்டுக் கட்டண முறையில், எல்லையோரம் நிற்கும் வீட்டுக்கு இந்த 60 யூனிட் மிகவும் கனக்கும்.

ராஜகீழ்ப்பாக்கம் இருப்பது ஏறத்தாழ 12.9 பாகை வட அட்சத்தில். இங்கே ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நாலு மாதமும் அது வடக்கே சாய்ந்திருக்கும். வடக்குச் சன்னலில் வெயிலே படாது என்பது குளிர்நாட்டுப் பாடநூல்களிலிருந்து வந்த எண்ணம். இங்கே கோடைக் காலையிலும் மாலையிலும் படும். தெற்கில் டிசம்பர் நண்பகலில்கூடச் சூரியன் 54 பாகை உயரத்தில் இருக்கும். நாலடிச் சன்னலை முழுக்க மறைக்க மூன்றடி சன்ஷேடு போதும். வழக்கமான இரண்டடியே மூன்றில் இரண்டு பங்கை மறைத்துவிடும். மேற்கில் ஏப்ரல் மாலை நாலு மணிக்குச் சூரியன் 34 பாகைக்கு இறங்கிவிடுவதால் அதே சன்னலுக்கு ஆறடி சன்ஷேடு தேவைப்படும். அதை யாரும் போடுவதில்லை. போதாக்குறைக்கு, கோடைப் பிற்பகலின் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது. நிழல் போட எளிதும் காற்றுக்கு உகந்ததும் தெற்கே. பெரிய சன்னலுக்கு இடம் தேடினால் முதலில் அங்கே தேட வேண்டும். எதிர்ச்சுவரில் காற்று வெளியேற வழியும் வேண்டும். ஒரே சுவரில் எவ்வளவு பெரிய சன்னல் வைத்தாலும் காற்று உள்ளே தயங்கியே வரும்.

இரட்டைக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று விற்பனையாளர்கள் சொல்வதை அளந்து பார்க்க வேண்டும். வெளியே 38, உள்ளே 25 டிகிரி என்றால், ஒற்றைக் கண்ணாடி வழியே கடத்தலால் நுழையும் வெப்பம் சதுர மீட்டருக்கு 75 வாட் அளவுதான். நேர் வெயிலால் வருவது 400. இரட்டைக் கண்ணாடி குறைப்பது பெரும்பாலும் அந்த 75-ஐ. சன்ஷேடும் தட்டியும் குறைப்பது 400-ஐ.

வெளிச்சத்துக்கும் அகலத்தைவிட உயரமே உதவும். சன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம்தான் பகல் வெளிச்சம் அறைக்குள் எட்டும். அரை கிரவுண்டு மனையில் பக்கச் சுவருக்கு மூன்றடி தள்ளி அடுத்த வீடு நிற்கும்போது, அகலமான சன்னலில் தெரிவது அந்தச் சுவர்தான். கூச்சமும் கண்கூச்சமும் சேர்ந்து திரை நாளெல்லாம் மூடியே கிடக்க, பட்டப்பகலில் உள்ளே டியூப்லைட் எரிகிறது. மேலே வெண்டிலேட்டர் வைத்துக் கீழே சன்னலைக் குறைத்தால் மறைவும் கிடைக்கும், வெளிச்சமும் உள்வரை போகும்.

காற்றழுத்தத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் கரையைக் கடந்த நகரம் இது. இந்தியத் தரவிதி 875 சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். குணகங்கள் சேர்க்கும் முன் அது சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன் அழுத்தம். பத்துக்கு ஏழு கண்ணாடியின் மீது அது ஏறக்குறைய ஒரு டன் தள்ளுவிசை. கண்ணாடியின் தடிமன், டஃபன்டு தரம், சட்டத்தைச் சுவரில் பிணைக்கும் ஆங்கர், அடிச்சட்டத்தின் நீர்வடி துளை ஆகிய எதையும் கொடேஷன் விலையைக் குறைப்பதற்காக விட்டுவிடக் கூடாது.

ஏற்கெனவே கட்டிமுடித்த மேற்கு பார்த்த வீடுகளில், கண்ணாடிக்கு வெளியே தொங்கும் மூங்கில் தட்டியே முதல் செலவாக இருக்கட்டும். உள்ளே போடும் திரை, வெயில் அறைக்குள் வந்த பிறகுதான் அதைச் சந்திக்கிறது. அடுத்து, இருக்கும் திறப்பிலேயே ஸ்லைடிங்கை எடுத்துவிட்டுக் கீல் கதவு வைக்கலாம். கிரில்லும் வலையும் உட்புறம் இருந்தால் கதவு வெளியே திறக்கத் தடை இருக்காது. கண்ணாடியை மாற்றுவது இவை இரண்டும் முடிந்த பிறகு யோசிக்க வேண்டியது.