கயிற்றில் ஆடும் பாவைகளா நம் கலை மாணவர்?



உயிரற்ற கோட்டை ஓடவும் அழவும் சிரிக்கவும் செய்கின்ற அரிய கலை ஒன்று உண்டு. உயிரூட்டுக் கலை என்று அதனை அழைப்போம். 'அனிமேசன்' என்னும் பெயரால் அது இற்றை நாளில் கலைக் கல்லூரிகளிலும் தனியார் பயிலகங்களிலும் கற்பிக்கப்படுகின்றது. அக் கலையை நாம் வெறுக்கவில்லை, கணினியையும் வெறுக்கவில்லை. கற்பிக்கின்ற முறையிலே புகுந்துவிட்ட அடிமைத்தனத்தையே வெறுக்கின்றோம்.

பயிலகங்களின் விளம்பரங்களைப் பாருங்கள். இன்ன கலையைக் கற்பிப்போம் என்று அவை சொல்வது அரிது. இன்ன குழுமத்தின் இன்ன மென்பொருளைக் கற்பிப்போம் என்பதே பெரிய எழுத்தில் இருக்கும். தச்சுத் தொழில் கற்க வந்தவனிடம், 'இன்ன கடை உளியைப் பிடிக்கச் சொல்லித் தருகின்றேன்' என்று ஓர் ஆசான் சொன்னால், அவனை எவரேனும் ஆசான் என்று மதிப்பரோ?

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே பயின்று, கையிலே கோடும் கண்ணிலே அளவும் நன்கமையப் பெற்று வருகின்றான் ஒரு சிற்றூர் மாணவன். கணினித் திரையில் நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் அவனை எதிர்கொள்கின்றன. பொருள் தெரியாமல் இடத்தை மட்டும் அவன் நெட்டுருச் செய்கின்றான். மேலிருந்து நான்காவது, அதற்குள் இரண்டாவது என்று! அடுத்த பதிப்பில் அக் கட்டளை இடம் மாறினால், அவன் கற்ற கல்வியும் இடம் தெரியாமற் போகின்றது. ஓவியத்தில் அவனுக்குப் பாதியும் ஈடாகாத, ஆங்கிலம் மட்டுமே அறிந்த இன்னொருவன் அவனை முந்துகின்றான். இது கலைக் கல்வியா, ஆங்கிலத் தேர்வா?

செக்கு மொழி பேசுவோர் ஏறத்தாழ ஒரு கோடியர். அங்கேரி மொழி பேசுவோர் அதனினும் சற்று மிகுதியானவர். அடோபி நிறுவனத்தின் போட்டோசாப்பு அவ்விரு மொழிகளிலும் கிடைக்கின்றது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடியே 90 இலக்கம் மக்கள் பேசுகின்ற தமிழில் அது கிடைப்பதில்லை. செக்கனுக்கும் அங்கேரியனுக்கும் தத்தம் மொழியிலேயே அக் கருவி கிடைக்கின்றது. தமிழன் வாய் திறவாமல் வாங்கிக்கொண்டான். கேளாதவனுக்கு எந்த வணிகன் கொண்டுவந்து கொடுப்பான்?

கட்டளைகள் தமிழில் இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அம் மென்பொருளின் முந்தைய பதிப்புகளில் 'கொடி' என்று ஒருங்குகுறியில் எழுதினால், தென்னாசிய எழுத்துகளுக்குரிய அமைப்பைத் தேடித் தேர்ந்தாலன்றிக் கொம்பு எழுத்துக்கு முன்னே நில்லாமல் பின்னே போய் நின்றது. அந்த அமைப்பை மாற்றுவது நொடிப்பொழுது வேலையாகவே இருந்தது. அதனைக்கூடச் சொல்லிக் கொடுக்காத இடத்தில் மாணவன் என்ன முடிவுக்கு வந்திருப்பான்? 'தமிழ் கணினிக்கு ஒத்துவராது' என்றே முடிவு செய்திருப்பான். ஆசிரியரின் சோம்பல் மொழியின் குறையாக ஏற்றப்பட்டது!

'தொழிற்கூடங்கள் அம் மென்பொருள்களைத்தாமே கேட்கின்றன? வயிற்றுக்கு வழி வேண்டாவா?' என்பர் சிலர். வயிற்றுக்கு வழி கட்டாயம் வேண்டும், அதனால்தான் சொல்கின்றோம். பிளாசுப் படங்கள் இணையமெங்கும் ஓடிய காலம் ஒன்றிருந்தது. அதையே வாழ்வென்று நம்பிக் கற்றவர் மிகப் பலர். அப் படங்களை ஓட்டிய செயலிக்கு 2020ஆம் ஆண்டு திசம்பர் 31உடன் அடோபி நிறுவனமே முற்றுப்புள்ளி வைத்தது. முப்பருமான உயிரூட்டுக்குப் பெயர் பெற்றிருந்த சாப்டிமேசு என்னும் மென்பொருளை 2008இல் ஆட்டோடெசுக்கு நிறுவனம் விலைக்கு வாங்கியது. 2015ஆம் பதிப்பே அதன் இறுதிப் பதிப்பு என்று 2014இல் அறிவித்தது. கருவியை மட்டும் கற்றவன் கருவியோடு வீழ்ந்தான். கலையைக் கற்றவன் அடுத்த கருவியைக் கையில் எடுத்தான்.

இன்னொன்றும் எண்ணுங்கள். 2013 முதல் அடோபி தன் ஓவிய மென்பொருள் தொகுப்பின் புதுப் பதிப்புகளை விலைக்குத் தருவதை நிறுத்திக் குடிக்கூலிக்கே விடுகின்றது. கூலி நின்றால் கருவியும் நின்றுவிடும். மாணவர்க்குச் சில குழுமங்கள் இலவயமாகவே தருகின்றனவே என்பீர்கள். பழகிய கை பிறகு விலகாது என்று அறிந்தே முதற் கவளத்தை இலவயமாக ஊட்டுகின்றனர்!

இக் கலையின் உள்ளீடு எது? பிராங்கு தாமசு, ஒல்லி சான்சுடன் என்னும் அமெரிக்க உயிரூட்டுக் கலைஞர் இருவர் 1981இல் வெளியிட்ட நூலில் பன்னிரண்டு நெறிமுறைகளை வகுத்துக் காட்டினர். அவை தாளில் வரைந்த காலத்தில் பிறந்தவை; கணினித் திரையிலும் மாறாமல் நிற்பவை. பந்து தரையில் மோதும்போது நசுங்குவதும் எழும்போது நீள்வதும் நசுங்கல், நீளல். தாவுமுன் கால் மடங்குவது முன்னசைவு. உடல் நின்ற பிறகும் கூந்தல் ஆடுவது தொடரசைவு. ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். அவற்றுள் திருப்பங்களைக் காட்டுவன முதன்மைச் சட்டகங்கள். அவற்றை இணைப்பன இடைச் சட்டகங்கள். இவற்றுள் எதற்கு ஐயா தமிழிற் சொல் இல்லை? சப்பானியர் முதன்மை வரைவைக் 'கெங்கா' என்றும் இடை வரைவைத் 'தோகா' என்றும் தம் மொழியிலேயே வழங்குகின்றனர். அதனால் அவர்தம் தொழில் கெட்டதா? உலகமே அவர்தம் படங்களைத் தேடிப் பார்க்கின்றது!

சென்னைக் கலைக் கல்லூரியின் வரலாறே நமக்கொரு பாடமாகும். 1850இல் அலெக்சாண்டர் அண்டர் என்னும் வெள்ளைக்கார மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. அங்கு முதல்வராய் இருந்த கே.சி.எசு. பணிக்கரின் தலைமையில், அங்குப் பயின்ற ஓவியரும் சிற்பியரும் 1966இல் சோழமண்டலம் ஓவியர் சிற்றூரை அமைத்தனர். மேலை நாட்டாரின் பின்னே ஓடாமல் நமக்கென ஒரு கோடு வேண்டும் என்னும் வேட்கை அவர்களிடம் இருந்தது. தூரிகைக்கு அன்று எழுந்த அவ் வேட்கை கணினிக்கு இன்று ஏன் எழவில்லை?

வழி இல்லாமலும் இல்லை. பிளெண்டர் என்னும் முப்பருமான மென்பொருளை, 2002இல் பயனர்களே ஏழு கிழமைகளில் 1,00,000 யூரோ திரட்டி மீட்டு உலகுக்குப் பொதுவாக்கினர். அதற்குக் கூலி இல்லை. அதன் மூல நிரல் எவர்க்கும் திறந்தே கிடக்கின்றது. ஏறத்தாழ 19 இலக்கம் மக்களே வாழ்கின்ற இலாத்துவியா நாட்டின் இளைஞர் ஒருவர், அம் மென்பொருளைக் கொண்டு உருவாக்கிய 'புளோ' என்னும் உயிரூட்டுப் படம் 2025இல் ஆசுகர் பரிசு பெற்றது. கூலியில்லாக் கருவியால் பெருங்கலை பிறவாது என்பார் வாயை அப் படம் அடைத்துவிட்டது.

ஆகவே நாம் கேட்பவை இவை:

1. கலைக் கல்லூரிகளில் உயிரூட்டுப் பாடம் தமிழில் நடத்தப்படல் வேண்டும். தேர்வும் தமிழில் இருத்தல் வேண்டும்.

2. முதலாண்டில் கையால் வரைந்து நெறிமுறைகளைக் கற்ற பின்னரே மென்பொருள் தொடங்கப்படல் வேண்டும்.

3. பிளெண்டர், கிரிட்டா போன்ற கட்டற்ற மென்பொருள்களே பாடத்தின் அடிப்படையாதல் வேண்டும். வணிக மென்பொருள்களை இறுதியாண்டில் பழகிக்கொள்ளலாம்.

4. அக் கட்டற்ற மென்பொருள்களின் கட்டளைகளைத் தமிழாக்கும் பணியை அரசும் பல்கலைக்கழகங்களும் ஊதியம் தந்து செய்விக்க வேண்டும். அதற்கு எவருடைய இசைவையும் கேட்க வேண்டுவதில்லை.

உயிரில்லாப் பொருளுக்கு உயிர்த்தோற்றம் தருவதை வள்ளுவப் பெருமான் அன்றே கண்டிருந்தார். உள்ளத்தில் நாணமில்லாதவரின் நடமாட்டம், கயிற்றால் ஆட்டப்படுகின்ற மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை ஒக்கும் என்று 1020ஆம் குறளில் கூறினார். பாவையை ஆட்டுகின்ற கலையைக் கற்கச் சென்ற நம் பிள்ளைகள், அயலான் கயிற்றில் தாமே பாவைகளாய் ஆடுவதோ? நாணம் உடையோம் எனில் அக் கயிற்றை அறுப்போம்! கோடும் நமது, கருவியும் நமது, சொல்லும் நமது என்னும் நிலையை உருவாக்குவோம்! எழுக தமிழிளைஞரே!