பிரம்பை விடுங்கள், பொறுப்பைக் கொடுங்கள்!



"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், சார்!" பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது இப்படிச் சொல்லாத தகப்பன்மார்கள் நம்மில் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம். மனதுக்குள் ஒப்புக்கொண்டால் போதும்.

வகுப்பில் கூச்சல், அடிதடி, பட்டப்பெயர் சொல்லிச் சீண்டல் எல்லாவற்றையும் பிரம்பு அடக்கும். வாத்தியார் வெளியே போகும் வரைதான் அடக்கும்! 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுத்துவிட்டது.

பிறகு எப்படித்தான் திருத்துவது? உத்திரமேரூர்க்காரர்கள் வெகுதூரம் போகவேண்டாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், கி.பி. 920ஐ ஒட்டிய பராந்தக சோழன் காலக் கல்வெட்டு இருக்கிறது. 30 குடும்புகளின் பெயர் ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயருக்குக் குடத்தில் இடமில்லை. (பெண்களுக்கும் பிற சாதியாருக்கும் அந்தச் சபையில் இடமில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.)

வகுப்பிலும் மாதம் ஒருமுறை குடவோலை போடலாமே! இங்கே எல்லார் பெயரும், முக்கியமாகச் சேட்டைக்காரன் பெயரும், இருக்கட்டும். பந்து, கயிறு, நூலகப் புத்தகங்களை அவன் கணக்கு வைத்துக் கொடுக்கட்டும். முதல் வாரம் குளறுவான். பந்து திரும்பி வரவேண்டுமானால் நாலு பேரிடம் தன்மையாகக் கேட்டுத்தானே ஆகவேண்டும்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். இதுவும் சட்டம்தான். அடுத்த கூட்டத்துக்கு நம் வீட்டுத் தாய்மார்கள் போகட்டும். கையெழுத்துப் போடுமுன், பள்ளியில் இன்னும் பிரம்பு இருக்கிறதா என்று கேட்கட்டும்.