எதிரணிக்கும் உதவும் போட்டி



பள்ளிக்கு வராத தோழன் கேட்டால் நோட்டைக் கொடுக்காதே, அவன் உன்னை முந்திவிடுவான் என்று பிள்ளையிடம் சொல்லும் பெற்றோர் நம்மிடையே உண்டு.

1992ஆம் ஆண்டு அமெரிக்காவில் 28 அணிகளுடன் தொடங்கியது பள்ளி மாணவர்களுக்கான 'ஃபர்ஸ்ட்' ரோபோ போட்டி. இன்று பல நாட்டு மாணவர்கள் இதில் பங்கேற்கிறார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் மூன்று அணிகள் ஒருபுறம், மூன்று அணிகள் மறுபுறம். தகுதிச் சுற்றில் ஆட்டத்திற்கு ஆட்டம் கூட்டணி மாறும். இப்போது எதிரே நிற்கும் அணி அடுத்த ஆட்டத்தில் நம்முடன் நிற்கலாம். ஆகவே, எதிரணியின் ரோபோ பழுதானால் உதிரிப்பாகமும் கருவியும் கொடுத்து உதவுவது அங்கு வழக்கம். அவர்களும் வெல்லத்தான் வருகிறார்கள்; ஆனால் அடுத்தவர் முடங்கிப்போவதால் கிடைக்கும் வெற்றியைப் பெரிதாக எண்ணுவதில்லை.

நம் பள்ளிகளின் அறிவியல் போட்டிகளிலும், அடுத்த அணிக்கு உதவிய அணிக்குத் தனிப் பரிசு ஒன்று வைக்கலாமே! நோட்டைக் கொடுக்கும் மனம் அங்கிருந்து பிறக்கட்டும்.