மது, புகையிலை வரி: சுமை யார் தோளில்?

2026 பிப்ரவரி 1 முதல் நம் நாட்டில் சிகரெட்டின் மீதான வரி புதிய அளவுக்கு உயர்ந்தது. சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடானது. அத்துடன், அதுவரை இருந்த இழப்பீட்டு மேல்வரி நீக்கப்பட்டு, சிகரெட்டின் நீளத்துக்கு ஏற்ப ஆயிரத்துக்கு 2,050 ரூபாயிலிருந்து 8,500 ரூபாய் வரை கலால் வரி விதிக்கப்பட்டது. மதுவின் நிலையும் இதுதான். தமிழகத்தில் 2020 மே மாதத்திலும், 2022 மார்ச் மாதத்திலும், 2024 பிப்ரவரி மாதத்திலும் டாஸ்மாக் மதுபானங்களின் விலை உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் சாதாரண ரக 180 மில்லி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடியது.

இத்தகைய அறிவிப்பு வரும்போதெல்லாம், "நல்லதுதானே, விலை ஏறினால் குடிப்பது குறையும்" என்று நம்மில் பலர் சொல்லிக்கொள்கிறோம். குடிப்பவர் கொடுக்கட்டும், நமக்கென்ன என்றும் நினைக்கிறோம். உண்மையில் இந்த வரியைச் செலுத்துவது யார்? குடிப்பவரும் புகைப்பவரும் மட்டும்தானா? இறைமக்களாகிய நாம் இதைச் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

வரி நல்லது செய்கிறதா?

முதலில் ஓர் உண்மையை ஏற்றுக்கொள்வோம். விலை உயர்வு பயன் தராது என்று சொல்வது சரியல்ல. புகையிலையின் விலை பத்து விழுக்காடு உயர்ந்தால், நம் நாட்டைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளில் அதன் பயன்பாடு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு குறைகிறது என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இதனால்தான், புகையிலைப் பொருள்களின் விற்பனை விலையில் குறைந்தது 75 விழுக்காடு வரியாக இருக்க வேண்டும் என அந்நிறுவனம் பரிந்துரைக்கிறது. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக உடன்படிக்கையை 2004ஆம் ஆண்டிலேயே ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. வரியின் வழியாகப் புகையிலையின் பயன்பாட்டைக் குறைப்பதும் அந்த உடன்படிக்கையின் ஒரு பகுதிதான்.

விலை உயர்வினால் அதிகம் காப்பாற்றப்படுபவர்கள் இளையோர். கையில் சொற்பப் பணமே இருக்கும் கல்லூரி மாணவர், இன்னும் பழக்கத்துக்கு அடிமையாகாத நிலையில், விலையைப் பார்த்துத் தயங்குகிறார். அந்தத் தயக்கம் ஓர் ஆயுளையே காக்கலாம். ஆகவே இந்த வரிகளை நாம் எதிர்க்க வேண்டியதில்லை, வரவேற்க வேண்டும்.

ஆனால், பழக்கம் நோயாகிவிட்டவரின் வீட்டில் இதே வரி வேறு விதமாக வேலை செய்கிறது.

ஒரு வீட்டின் கணக்கு

2024ஆம் ஆண்டின் விலை உயர்வுக்குப் பிறகு சாதாரண ரகக் குவார்ட்டர் ஒன்றின் விலை 140 ரூபாய். அதே 2024-25 நிதியாண்டில் தமிழகத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாள் கூலி 319 ரூபாய். அதாவது, ஒரு நாள் கூலியில் பாதிக்குச் சற்றுக் குறைவான தொகை ஒரு குவார்ட்டருக்கே போய்விடுகிறது. நாளொன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மாதம் 4,200 ரூபாய். மேலே சொன்ன மூன்று விலை உயர்வுகளை மட்டும் கூட்டினாலும் பாட்டிலுக்கு 30 ரூபாய். மாதத்துக்கு 900 ரூபாய்.

இந்த 900 ரூபாய் எங்கிருந்து வருகிறது? குடிநோயாளி தன் அளவைக் குறைத்துக்கொண்டு இதை ஈடுசெய்வதில்லை. அவரால் முடிந்தால் அது நோயாகவே இருந்திராது. பிள்ளைகளின் பாலிலிருந்தும், மளிகைச் சாமான்களிலிருந்தும், மகளிர் குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணையிலிருந்தும், சில வீடுகளில் மனைவியின் தோட்டிலிருந்தும்தான் அது வருகிறது. 2023 செப்டம்பரில் தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகையை மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியபோது எத்தனையோ தாய்மார்கள் மகிழ்ந்தார்கள். நாள்தோறும் குடிக்கும் கணவர் இருக்கும் வீட்டில், அந்த ஆயிரத்தில் தொள்ளாயிரத்தை விலை உயர்வு மட்டுமே திரும்ப எடுத்துக்கொள்கிறது. தாயின் வங்கிக் கணக்கில் வரவாகவும் தந்தையின் சட்டைப் பையில் செலவாகவும் ஒரே பணம் சுற்றி வருகிறது.

வசதி படைத்தவருக்கு இந்தக் கூடுதல் தொகை பொருட்டல்ல. அன்றாடம் உழைத்து உண்பவருக்கு அதுவே அடுத்த நாள் காலை உணவு. இதே வரி ஏழையின் வீட்டை அதிகமாக அழுத்துகிறது என்பதை மறந்து நாம் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

மலிவைத் தேடி...

விலை ஏறும்போது எல்லாரும் விட்டுவிடுவதில்லை. பலர் மலிவானதைத் தேடிப் போகிறார்கள். சிகரெட் பிடித்தவர் பீடிக்கு மாறுகிறார். பாக்கெட்டாக வாங்கியவர் பெட்டிக்கடையில் ஒன்றொன்றாக வாங்குகிறார். சிகரெட்டின் வரி விகிதம் 40 விழுக்காடாக உயர்ந்த அதே நாளில், பீடியின் வரி விகிதம் 28இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. நுரையீரலுக்குப் பீடியின் புகை என்றும் சிகரெட்டின் புகை என்றும் வேறுபாடு கிடையாது. ஏழைகள் பிடிப்பது பீடி. ஆக, வரி தரும் பாதுகாப்பு ஏழையின் நுரையீரலுக்கு மட்டும் எட்டவில்லை.

பீடிக்கு வரியைக் குறைக்கும்போதெல்லாம் அதைச் சுற்றும் பெண்களின் பிழைப்பு காரணமாகச் சொல்லப்படுகிறது. திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் பீடி சுற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றும் சகோதரிகள் எத்தனையோ பேரை நாம் அறிவோம். அவர்களுடைய பெயரால்தான் இந்தச் சலுகை. ஆனால் அந்தத் தொழிலாளர்களின் மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் உதவிய நலநிதிக்கென வசூலிக்கப்பட்ட தனி வரி, 2017ஆம் ஆண்டில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது நீக்கப்பட்டுவிட்டது. அவர்களுக்கு உண்மையில் வேண்டியது மாற்றுத் தொழிலும் நியாயமான கூலியும்தான்.

மதுவில் மலிவைத் தேடுவது உயிரையே பறிக்கிறது. 2023 மே மாதத்தில் மரக்காணம் அருகிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் கள்ளச்சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டே, 2024 ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். ஒரே தெருவில் பல வீடுகளில் ஒரே நாளில் ஒப்பாரி எழுந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கலங்கினோம். இதற்கு விலை உயர்வு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. சாராய வியாபாரிகளின் பேராசையும் அதிகாரிகளின் அலட்சியமும் முதன்மையான காரணங்கள். ஆனாலும், கண்காணிப்பையும் சிகிச்சையையும் பலப்படுத்தாமல் விலையை மட்டும் உயர்த்துவது ஆபத்தானது என்பதைக் கருணாபுரம் நமக்குச் சொல்லியிருக்கிறது.

வருவாய்க்கு அடிமை

வரலாற்றிலிருந்து ஒரு செய்தி. 1937ஆம் ஆண்டு இராஜாஜி அன்றைய சென்னை மாகாணத்தில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் அரசுக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரியை அறிமுகப்படுத்தினார். குடியை ஒழிப்பதற்காக எல்லா மக்களும் சிறிது வரி செலுத்துவது என்பதே அதன் பொருள். 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, பின்னர் மீண்டும் வந்தது, மீண்டும் போனது. விற்பனை வரி மட்டும் போகவே இல்லை. மதுவை விலக்குவதற்காகப் போடப்பட்ட வரியையும், மதுவின் மீதான வரியையும் சேர்த்தே மக்கள் செலுத்தி வந்தார்கள்.

2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் நிறுவனமே ஏற்றது. 2003-04ஆம் ஆண்டில் மதுவின் வழியாக அரசுக்குக் கிடைத்த வருவாய் 3,639 கோடி ரூபாய். 2024-25ஆம் ஆண்டில் அது 48,344 கோடி ரூபாய். மாநில அரசின் சொந்த வரி வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இது. மதுவுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது. அதன் மீதான வரி முழுவதும் மாநிலத்தின் கையில். எனவே பணம் தேவைப்படும்போதெல்லாம் அரசின் கை முதலில் இங்கேதான் நீள்கிறது. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு மதுவிலக்கை நோக்கி முயலும்படி அரசைப் பணிக்கிறது. குடிமகன் மதுவுக்கு அடிமையாவதுபோல அரசும் மதுவின் வருவாய்க்கு அடிமையாகிவிட்டால் அந்த முயற்சியை யார் செய்வது?

இரண்டு எடுத்துக்காட்டுகள்

கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் பிலிப்பைன்ஸ் நாடு 2012ஆம் ஆண்டின் இறுதியில் மது, புகையிலை வரிகளை உயர்த்தி ஒரு சட்டம் இயற்றியது. கூடுதலாகக் கிடைக்கும் வருவாய் எங்கே போக வேண்டும் என்பதையும் அந்தச் சட்டமே சொன்னது. ஒரு பகுதி புகையிலை பயிரிடும் விவசாயிகளின் மறுவாழ்வுக்கு. பெரும்பகுதி ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கும் மருத்துவமனைகளுக்கும். அதாவது, ஏழையின் வீட்டிலிருந்து எடுத்த பணம் சிகிச்சையாக அந்த வீட்டுக்கே திரும்ப வழிசெய்யப்பட்டது.

இரண்டாவது எடுத்துக்காட்டு நம் திரு அவையிலிருந்தே வருகிறது. வத்திக்கானில் பணியாளர்களுக்குச் சலுகை விலையில் சிகரெட் விற்கப்பட்டு வந்தது. திருப்பீடத்துக்கு அது நல்ல வருமானமும் கூட. 2017 நவம்பரில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அதை நிறுத்த முடிவு செய்தார். 2018இல் விற்பனை நின்றது. மனிதருடைய உயிரை விலையாகக் கேட்கும் இலாபம் எதுவும் நியாயமாகாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். வருமானத்தை இழக்கத் துணிந்தால்தான் இத்தகைய முடிவை எடுக்க முடியும்.

நம் பங்குகளில்...

அரசைக் கேள்வி கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்வோம். திரு அவை மதுவையே பாவம் என்று போதிப்பதில்லை. கானாவூர்த் திருமணம் நமக்குத் தெரியும். ஆனால் உணவிலும் மதுவிலும் புகையிலையிலும் அளவு மீறுவதைத் தவிர்ப்பது தன்னடக்கம் எனும் நற்பண்பைச் சார்ந்தது என மறைக்கல்வி ஏடு (எண் 2290) தெளிவாகக் கூறுகிறது. அப்படியிருக்க, நம் இல்லங்களில் நடக்கும் திருமணத்துக்கு முந்தின இரவும், புதுநன்மை விருந்தும், பங்குத் திருவிழாவும், துக்க வீடும்கூட மது இல்லாமல் முடிவதில்லை என்ற நிலை எப்படி வந்தது? விலை எவ்வளவு ஏறினாலும் "சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள்" என்று கடன் வாங்கி ஊற்றும் பழக்கத்தை எந்த நிதியமைச்சர் மாற்ற முடியும்?

நம்மால் செய்யக்கூடியவை உண்டு. அன்பியக் கூட்டங்களில் குடிநோயை ஒரு நோயாகவே பேசலாம். அந்தக் குடும்பத்தை ஒதுக்காமல் தாங்கலாம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவினருக்குப் பங்குப் பள்ளியில் வாரம் ஒரு மாலை இடம் கொடுக்கலாம். போதைப் பழக்கத்திலிருந்து மீள 14446 என்ற எண்ணிலும், புகையிலையை விட 1800-11-2356 என்ற எண்ணிலும் அரசின் இலவச ஆலோசனை கிடைக்கிறது என்பதை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். பணத்தைக் கையில் கொடுப்பதைவிட, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை நேரடியாகச் செலுத்தும்படி வின்சென்ட் தே பவுல் சபையினரை வேண்டலாம்.

அரசிடம் கேட்பதற்கும் நமக்கு உரிமை உண்டு. வரியை உயர்த்துங்கள், ஆனால் அதில் ஒரு குறிப்பிட்ட பங்கை ஒவ்வொரு வட்டத்திலும் மது மீட்புச் சிகிச்சைக்கென்று சட்டப்படி ஒதுக்குங்கள். பீடியின் வரியை உயர்த்தும்போது அதைச் சுற்றும் பெண்களுக்கு மாற்று வழி காட்டுங்கள். கடைகளைப் படிப்படியாகக் குறைக்கும் கால அட்டவணையை மக்கள் முன் வையுங்கள். தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகளில் இவையும் இருக்கட்டும்.

அடுத்த முறை விலை உயர்வு அறிவிக்கப்படும்போது, நம் தெருவில் எந்த வீட்டு அடுப்பு அதற்கு விலை கொடுக்கப்போகிறது என்று முதலில் எண்ணிப் பார்ப்போம். அந்த வீட்டுக் கதவை அந்த வாரமே தட்டுவோம்.