காற்று சுழல்கிறது - கணக்குத் தீர்ந்ததா?

தோழர்களே! எண்ணெய் எடுக்கும் இடத்திலே காற்றாலைக்கு என்ன வேலை? இருக்கிறது வேலை. நார்வே நாட்டுக் கரைக்கு 140 கிலோமீட்டர் அப்பால், வடகடலிலே 11 காற்றாலைகள் சுழல்கின்றன. கடல் ஆழமோ 260 மீட்டருக்கு மேல்! ஆகவே கான்கிரீட் மிதவைகள் மீது நிறுத்தி, சங்கிலி பூட்டி, நங்கூரமிட்டிருக்கிறார்கள். ஹைவிண்ட் டம்பென் என்று பெயர். 2022 நவம்பரில் முதல் மின்சாரம் பாய்ந்தது. 2023-இல் திறப்பு விழா நடந்தது.

மின்சாரம் யாருக்கு? ஊருக்கல்ல! ஸ்னோரே, குல்ஃபாக்ஸ் எண்ணெய் வயல்களின் 5 மேடைகளுக்கு. எந்திரங்களை ஓட்ட, எடுத்த எரிவாயுவிலே ஒரு பகுதியை அங்கேயே எரித்துவந்தார்கள். இப்போது ஆண்டுத் தேவையில் சுமார் 35 விழுக்காட்டைக் காற்றிலிருந்து பெறுவது திட்டம். அதனால் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் கரியமில வாயு குறையும் என்பது கணக்கு. காற்று ஓய்ந்தால் பழைய எரிவாயுதான் கைகொடுக்கும்.

எண்ணெய் முதலாளிக்கு இரக்கம் பிறந்துவிட்டதா? இல்லை, தோழர்களே, இல்லை! கடலில் எரிக்கும் வாயுவுக்கு 1991-லேயே வரி போட்டது நார்வே அரசு. "புகைத்தால் பணம் கட்டு" என்றது சட்டம். 2019-இல் எனோவா என்னும் அரசு அமைப்பு 230 கோடி குரோனர் வரை உதவி தர முன்வந்தது. பின்னால் நின்று தள்ளியது சட்டம்; முன்னால் நின்று இழுத்தது மக்கள் பணம். பிறகுதான் சுழன்றது காற்றாலை!

நல்லது; வரவேற்போம். ஆனால் கள்ளுக்கடை வாசலைக் கூட்டிப் பெருக்கினால் குடி ஒழிந்துவிடுமா? எண்ணெய் எடுக்கும்போது எழும் புகை கொஞ்சம். அதை வாங்கியவன் எரிக்கும்போது எழும் புகையே பெரும்பங்கு. காற்றாலை முதலாவதைக் குறைக்கிறது; இரண்டாவதைத் தொடவே இல்லை. மேடை சுத்தமாகிவிட்டது என்று காட்டி, இன்னும் பல கிணறு தோண்டப் புறப்பட்டால், அது சீர்திருத்தமல்ல, சுண்ணாம்புப் பூச்சு!

உண்மையான ஆதாயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆழ்கடலிலே மிதவை கட்டவும், கடலடியில் கம்பி இழுக்கவும், நங்கூரம் பாய்ச்சவும் தொழிலாளியின் கை பழகிவிட்டது. கிணறு ஒருநாள் வற்றும்; காற்று வற்றாது. கிணறு வற்றும் நாளில் அந்தத் தொழிலாளி வேலையிழந்து தெருவில் நிற்கவேண்டியதில்லை - இன்றே வழி வகுத்தால்!

வரி போடத் துணிந்த அரசு, அந்த வழியையும் வகுக்கட்டும். அப்போது சொல்வோம், கணக்குத் தீர்ந்தது என்று!